வைட்டமினாகிப் போன காடு

ஒரு புத்தகத்தை அதன் துணைத்தலைப்பே விழுங்கிவிடும் என்பதற்கு ரிச்சர்ட் லூவ் எழுதிய ‘லாஸ்ட் சைல்ட் இன் த வுட்ஸ்’ நல்ல உதாரணம். 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த நூல். தலைப்பை ‘காட்டின் கடைசிக் குழந்தை’ என்று தமிழாக்கலாம். உலகம் பிடித்துக்கொண்டது என்னவோ அதற்குக் கீழே இருந்த ‘நேச்சர் டெஃபிசிட் டிஸ்ஆர்டர்’ என்ற மூன்று சொற்களைத்தான். இயற்கைப் பற்றாக்குறைக் கோளாறு. புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்களுக்கும் இந்தச் சொற்றொடர் தெரியும். பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய் விளையாடவும் கற்கவும் விடும் ஃபாரஸ்ட் ஸ்கூல்களைப் பற்றி எதைத் தேடிப் படித்தாலும், இரண்டாவது பத்திக்குள் அது வந்து உட்கார்ந்திருக்கும்.

என் வாதம் இது: லூவ் எழுதிய புத்தகம் ஒன்று, அந்தச் சொற்றொடர் தனக்காக எழுதிக்கொண்ட புத்தகம் இன்னொன்று. முதலாவது முக்கியமானது. ஜெயித்தது இரண்டாவது. வெறும் வாசிப்புச் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் இப்போது அந்தச் சொற்றொடர்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறது.

1

முதலில் லூவின் புத்தகத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடலாம். அவர் விஞ்ஞானி இல்லை, பத்திரிகைக்காரர். சான் டியாகோவில் பல வருடம் பத்தி எழுதியவர். அதனால் புத்தகத்தின் பலம் மனிதர்களிடம் காது கொடுத்துக் கேட்பதில் இருக்கிறது. வெளியே விளையாடுவதைவிட வீட்டுக்குள் விளையாடத்தான் பிடிக்கும், பிளக் பாயின்ட் அங்கேதானே இருக்கிறது என்று சொல்லும் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். அவனைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவள் வேறொருத்தி. கவிஞராக வேண்டும் என்று ஆசைப்படும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. காட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. பெரிய அருவி, பக்கத்தில் அவளே தோண்டிய குழி. அதில் போய்ப் படுத்துக்கொண்டு மரங்களைப் பார்ப்பாள். ஒருநாள் மரங்களை வெட்டிவிட்டார்கள். தன்னில் ஒரு பகுதியையே வெட்டியதுபோல இருந்தது என்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ‘கோளாறு’? ஒன்றுமில்லை. அவளுக்கு இயற்கையின் மேல் ஆர்வம் குறையவில்லை, திரையில் மூழ்கிக் கிடக்கவில்லை. அவளிடமிருந்து ஓர் இடம் பறிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

லூவ் தன் சிறுவயதைப் பற்றியும் சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டை அழித்து வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நிலம் அளக்க நட்டிருந்த குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டஜன் கணக்கில், ஒருவேளை நூற்றுக்கணக்கில். புல்டோசரை நிறுத்த ஒரு பையனால் முடிந்தது அது. புத்தகத்திலேயே அரசியல் கூர்மை அதிகம் உள்ள இடம் இது என்பேன். எதிராளி யார் என்பது அந்தப் பையனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

தொடக்க அத்தியாயங்களில் ஒன்று, பிள்ளைகள் வெளியில் விளையாடுவது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றமாகிவிட்டது என்று விவரிக்கிறது. மரவீடு கட்டக்கூடாது என்று சொல்லும் குடியிருப்போர் சங்க விதிகள், பிள்ளைகள் கட்டிய கோட்டைகளைப் பிரித்துப்போடும் பெரியவர்கள், யாராவது விழுந்தால் வழக்கு வருமே என்று வேலி போடும் நில உரிமையாளர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மரத்தில் ஏறக்கூடாது என்பது நியாயம்தான். எல்லா மரத்துக்கும் தனித்தனியே அதே நியாயம் கிடைக்கும்போது, ஏற மரமே மிச்சமிருப்பதில்லை. புத்தகத்தின் உயிர் இந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

2

ஆனால் அதே புத்தகத்தின் அட்டையில் ‘கோளாறு’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. இது மருத்துவ நோயறிதல் இல்லை என்று லூவே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். சரி. ஆனால் ஒரு சொற்றொடர் அதைச் செய்தவரின் விளக்கத்தைக் கேட்டு நடக்காது, அதன் உருவத்துக்கு ஏற்றபடிதான் நடக்கும். ‘அட்டென்ஷன் டெஃபிசிட்’ என்ற நோய்ப்பெயரின் சாயலில் செய்யப்பட்ட தொடர் இது. கேட்டவுடன் பெற்றோர் வயிற்றில் புளி கரைக்கும். அதற்காகத்தான் செய்யப்பட்டது, வேலையையும் செய்தது.

உருவம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘பற்றாக்குறை’ என்றால் ஏதோ ஒரு சத்து குறைகிறது. ‘கோளாறு’ என்றால் அது ஓர் உடம்புக்குள் இருக்கிறது. யாருடைய உடம்பு? குழந்தையுடையது. அளவுக்குச்சியைப் பிடுங்கிய பையனின் கதையில் பிரச்சினை நிலத்தில் இருந்தது, சட்டத்தில் இருந்தது, ரியல் எஸ்டேட்டில் இருந்தது. பெயர் மாறியதும் அது அப்படியே நகர்ந்து பிள்ளைக்குள் போய்விட்டது. எங்கள் வேலையில் இப்படி நடப்பது சகஜம். சர்வரில் இருக்கும் பிழையை யாரோ ஒருவர் திரையில் தெரியும் பிழை என்று பதிவு செய்துவிடுவார். அதன்பிறகு ஆறு மாதம் எல்லாரும் திரையையே திருத்திக்கொண்டிருப்பார்கள்.

நோயென்றால் மருந்து வேண்டும். 2016இல் லூவ் எழுதிய இன்னொரு புத்தகத்தின் பெயரே ‘வைட்டமின் என்’. குடும்பத்தின் ஆரோக்கியத்துக்கும் மகிழ்ச்சிக்கும் 500 வழிகள். நான் கிண்டல் செய்யவில்லை, துணைத்தலைப்பிலேயே அந்த எண் இருக்கிறது. புல்டோசருக்கு எதிராகக் குச்சி பிடுங்கிய பையன், 500 யோசனைகள் கொண்ட கையேட்டில் வந்து நிற்கிறான். இதை லூவ் என்ற தனிமனிதரின் வீழ்ச்சியாக நான் பார்க்கவில்லை. 2005இல் அவர் தேர்ந்தெடுத்த உருவகம், 2016இல் அவரை அங்கே கொண்டுபோய்விட்டது.

ஆய்வுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா ஃபேபர் டெய்லரும் ஃபிரான்சிஸ் குவோவும் கவனக்குறைவுச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பற்றி நல்ல வேலை செய்திருக்கிறார்கள். 20 நிமிடம் பூங்காவில் நடந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, நகர வீதியில் நடந்தபோது இருந்ததைவிடக் கவனம் கூடியிருந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வகை ஆய்வை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். காடு கவனத்தைக் கூட்டுகிறது, கவனம் மதிப்பெண்ணைக் கூட்டுகிறது, அதனால் காடு தேவை. இந்தச் சங்கிலியை ஏற்றுக்கொண்டால், நாளைக்கே மதிப்பெண்ணை இன்னும் மலிவாகக் கூட்டும் மாத்திரை வந்தால் காட்டை விட்டுவிடலாமா? அந்தச் சிறுமி தன் குழியில் படுத்திருந்தது எதையும் கூட்டுவதற்காக இல்லையே.

3

மரம் குறைந்ததா, அனுமதி குறைந்ததா? இந்தக் கேள்விக்கு லூவுக்கு முன்பே பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 1990இல் அது 9 சதவீதம். இடையில் இருபது வருடம்கூட ஆகவில்லை. சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அரசாங்கம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாலை பாதுகாப்பாக ஆகவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டோம், அதனால்தான் சாவு குறைந்தது என்றார் ஹில்மன். செல்போனும் இணையமும் பரவாத காலத்துக் கணக்கு இது. ‘எல்லாம் இந்த மொபைல் வந்ததுக்கப்புறம்தான்’ என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொருவர் ரோஜர் ஹார்ட். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வருடம் தங்கி, 86 பிள்ளைகள் எங்கெங்கே போகிறார்கள், எங்கே ஒளிகிறார்கள், எந்தக் குறுக்குப்பாதை யாருடையது என்று வரைபடம் வரைந்தார். ‘சில்ட்ரன்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் பிளேஸ்’ என்ற பெயரில் அது 1979இல் புத்தகமானது. பல வருடம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போனார். அன்றைய பிள்ளைகள் சிலர் இப்போது பெற்றோர். ஊரில் குற்றங்கள் அப்படியொன்றும் கூடிவிடவில்லை. ஆனால் தாங்கள் சுற்றிய தூரத்துக்குத் தங்கள் பிள்ளைகளை அவர்கள் விடவில்லை. அனுமதிதான் சுருங்கிவிட்டது.

ஹார்ட்டின் வேலையில் இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. அந்தப் பொற்காலத்திலும் பையன்களுக்குக் கிடைத்த சுற்றளவு பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. லூவைப் போன்றவர்கள் ‘நாங்களெல்லாம் சின்ன வயதில்’ என்று தொடங்கும்போது, அந்த ‘நாங்கள்’ யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. கரோலின் ஃபின்னி 2014இல் எழுதிய ‘பிளாக் ஃபேசஸ், ஒயிட் ஸ்பேசஸ்’ கறுப்பின அமெரிக்கர்களுக்கும் காட்டுக்கும் இடையிலான உறவைப் பேசுகிறது. கும்பல் கொலைகள் நடந்த இடமாகவும் காட்டை நினைவில் வைத்திருக்கும் சமூகம் அது. அந்தச் சமூகத்துப் பெற்றோர் ஒருவர் பிள்ளையைத் தனியே காட்டுக்குள் விடத் தயங்கினால், அதற்குப் ‘பற்றாக்குறை’ என்று பெயர் வைப்பது குருட்டுத்தனம்.

4

அனுமதிதான் விஷயம் என்றால், அனுமதி இருக்கும் ஊர்களைப் பார்க்க வேண்டும். காட்டு மழலையர் பள்ளிகளின் தாய்வீடு வட ஐரோப்பா. டென்மார்க்கில் 1950களின் தொடக்கத்தில் எல்லா ஃபிளாட்டாவ் என்ற பெண் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப்போகத் தொடங்கியதிலிருந்து கதை சொல்வார்கள். ஸ்வீடனில் 1957இல் யோஸ்தா ஃபிரோம் ‘ஸ்கூக்ஸ்முல்லே’ என்ற காட்டுக் கதாபாத்திரத்தை உருவாக்கினார். 1985இல் ‘மழையானாலும் வெயிலானாலும்’ என்ற பொருளில் பெயர் கொண்ட முதல் வெளிப்புற மழலையர் பள்ளி அங்கே தொடங்கியது. ஜெர்மனியில் 1993இல் ஃபிளென்ஸ்பர்க் நகரில் தொடங்கிய பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு மழலையர் பள்ளிகள் உண்டு. சுவரில்லை, பெஞ்சில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன வண்டிவீடு. நாலு வயதுப் பிள்ளை கத்தியால் குச்சி சீவும். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், பிடுங்கமாட்டார்.

இதைப் படிக்கிற யாருக்கும் அது ஒரு கல்விமுறை, வாத்தியார்கள் கற்றுக்கொண்டு வந்து செய்யலாம் என்றுதான் தோன்றும். அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்வீடனில் ‘அலெமான்ஸ்ரெட்டன்’ என்றொரு வழக்கம் இருக்கிறது. எல்லாருடைய உரிமை என்று அர்த்தம். அடுத்தவர் நிலமானாலும் காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓர் இரவு கூடாரம் போடலாம். நார்வே இதை 1957இல் சட்டமாகவே எழுதிவிட்டது. ஜெர்மனியின் 1975ஆம் வருடத்துக் கூட்டாட்சி வனச்சட்டமும் யாரும் காட்டுக்குள் உலாவலாம் என்கிறது. பள்ளி வந்தது பிறகு, வழி திறந்திருந்தது முன்பே.

இங்கிலாந்துக்கு வாருங்கள். 1993இல் சாமர்செட்டின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து மழலையர் கல்வித்துறையினர் டென்மார்க்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘ஃபாரஸ்ட் ஸ்கூல்’ என்று தொடங்கினார்கள். அருமையான முயற்சி. ஆனால் இங்கிலாந்து நிலத்தில் பொதுமக்கள் சுதந்திரமாக உலாவும் உரிமையுள்ள பகுதி, 2000இல் வந்த சட்டத்துக்குப் பிறகும் சுமார் 8 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி மலையும் புதர்வெளியும். காடு அதில் தானாகச் சேராது. ஆகவே டென்மார்க்கிலிருந்து முறை வந்தது, டென்மார்க்கின் நிலம் வரவில்லை. நிலம் வராத இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? சான்றிதழ் கொண்டு. 2012இல் ஃபாரஸ்ட் ஸ்கூல் அசோசியேஷன் உருவானது. ஆறு கொள்கைகள் வகுத்தார்கள். ஒருநாள் சுற்றுலாவாக இருக்கக்கூடாது, அடிக்கடி, நீண்டகாலம் நடக்க வேண்டும் என்பது ஒன்று. மிகச் சரி. தகுதிபெற்ற பயிற்சியாளர்தான் நடத்த வேண்டும் என்பது இன்னொன்று. அதற்கு மூன்றாம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பு.

ஐடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கும். 2001இல் 17 பேர் யூட்டாவில் ஒரு பனிமலை விடுதியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் அஜைல் அறிக்கை எழுதினார்கள். செயல்முறைகளைவிட மனிதர்கள் முக்கியம் என்பது அதன் சாரம். இன்று இரண்டு நாள் வகுப்புக்குப் போனால் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் கையில் கொடுத்துவிடுவார்கள். தினமும் காலை 15 நிமிடம் நின்றுகொண்டே மீட்டிங். உட்காரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். நம்பிக்கை இருந்த இடத்தில் முளைத்த ஒரு பழக்கத்தை, நம்பிக்கை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால், அது சடங்காகவும் சான்றிதழாகவும்தான் உயிர்வாழும். ஃபாரஸ்ட் ஸ்கூல்காரர்களை நான் குறை சொல்லவில்லை. மூடிக்கிடக்கும் கதவுக்கு முன்னால் அவர்களால் செய்ய முடிந்தது அதுதான். ஆனால் அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் கதவைப் பற்றி எழுத வேண்டாமா?

லிண்டா ஆகேசன் மெக்கர்க் 2017இல் எழுதிய புத்தகம் இந்த இடத்தில் நல்ல ஒப்பீடு. மோசமான வானிலை என்று ஒன்று இல்லை என்று பொருள்படும் தலைப்பு. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவின் இண்டியானாவில் பிள்ளை வளர்த்தவர். ஒரு நாள் இயற்கைக் காப்பிடம் ஒன்றின் ஓடையில் மகள்களை விளையாடவிட்டதற்காக அவருக்கு அபராதம் விதிக்கிறார்கள். பிறகு பிள்ளைகளோடு ஆறு மாதம் ஸ்வீடன் போகிறார். இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே அம்மாவின் மேல் மோதும் அற்புதமான வாய்ப்பு இது. அவருக்கு அலெமான்ஸ்ரெட்டன் தெரியும், அதைப் பற்றி எழுதவும் செய்கிறார். ஆனால் அத்தியாயம் முடிந்ததும் டிப்ஸ் வந்துவிடுகிறது. நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள், இந்த வகை. அபராதச் சீட்டோடு தொடங்கும் கோபம் மழைக்கோட்டில் முடிவது ஒரு வாசகனாக எனக்கு ஏமாற்றம்தான்.

5

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லூவின் சொற்றொடர் இல்லாவிட்டால் இதைப் பற்றி யாரும் பேசியிருக்கவே மாட்டார்கள் என்பது ஓரளவு உண்மை. 2006இல் அவர் சேர்ந்து தொடங்கிய சில்ட்ரன் அண்ட் நேச்சர் நெட்வொர்க் இன்றும் இயங்குகிறது. பயமுறுத்தினால்தான் மந்திரியும் கேட்பார், மாமனாரும் கேட்பார். ஆனால் எது உண்மையில் வேலை செய்தது என்று பார்த்தால், சத்துக் கணக்கைவிடச் சட்டத் திருத்தம்தான் முன்னால் நிற்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மழலையர் பள்ளிக்கு உரிமம் வேண்டுமென்றால் கட்டடம் இருக்க வேண்டும். விதிகள் எல்லாமே கட்டடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கட்டடமே இல்லாத பள்ளி அந்தப் படிவத்துக்குள் நுழையவே முடியாது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதல்லவா, அதுபோல. உரிமம் இல்லாததால் முழுநாள் நடத்த முடியாது. ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகையும் வராது. ஆக, அரைநாளில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போக ஆளும், கட்டப் பணமும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் காடு. 2017இல் சோதனைத் திட்டம் தொடங்கி, 2021இல் வெளிப்புறப் பள்ளிகளுக்கு உரிமம் தரும் சட்டம் நிரந்தரமானது. அமெரிக்காவில் அதுதான் முதல் மாநிலம். 2018இல் யூட்டா, பிள்ளைகளைத் தனியே பூங்காவுக்கோ பள்ளிக்கோ போகவிடுவது புறக்கணிப்புக் குற்றம் ஆகாது என்று சட்டம் போட்டது. இதெல்லாம் கவர்ச்சியில்லாத வேலைகள். யாரும் அட்டையில் படம் போட்டுப் புத்தகம் எழுதப்போவதில்லை. ஆனால் அளவுக்குச்சி பிடுங்கிய பையனின் வாரிசுகள் இவர்கள்தான்.

6

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007இல் பிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நெருப்பு, தண்ணீர் போன்ற ஆபத்தான இடங்கள், கட்டிப்புரண்டு சண்டை. ஆறாவது, காணாமல் போவது. பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து, வழி தவறிவிடலாம் என்ற சின்னப் பயத்தோடு தனியே அலைவது.

முதல் ஐந்தையும் ஏற்பாடு செய்துவிடலாம். உயரத்துக்குக் கயிறு கட்டலாம், கத்திக்குக் கையுறை தரலாம், நெருப்பைச் சுற்றிக் கல் அடுக்கலாம். ஆறாவதை எப்படி ஏற்பாடு செய்வது? பார்த்துக்கொண்டே இருந்தால் அது காணாமல் போவது ஆகாது. ஃபாரஸ்ட் ஸ்கூல்களில் ‘ஒன், டூ, த்ரீ, எங்கே இருக்கிறாய்’ என்று ஆசிரியர் கூப்பிட, பிள்ளைகள் மறைவிலிருந்து பதில் குரல் கொடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அந்தச் சிக்கலை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். கண்ணை விலக்கிக் காதை மட்டும் வைத்துக்கொள்வது. சான்றிதழ் பெற்ற ஒருவரால் கொடுக்க முடிகிற அதிகபட்சச் சுதந்திரம் அது. ஜிபிஎஸ் கடிகாரம் கட்டிவிட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இந்த ஆறாவது வகையை இலக்கியம்தான் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. தமிழில் பலர் வாசித்த ‘டோட்டோ-சான்’ அதற்குச் சாட்சி. டெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானில் வெளியிட்டது. நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக நமக்கு வந்தது. நம் ஆட்கள் அதை மாற்றுக் கல்வியின் பைபிளாக வாசிக்கிறார்கள். ரயில்பெட்டி வகுப்பறை, பிற்பகல் நடை, ஆளுக்கொரு மரம். எல்லாமே சுவாரஸ்யமான கல்விமுறைதான். ஆனால் புத்தகத்தின் உச்சம் பள்ளி ஏற்பாடு செய்யாத ஒன்று. போலியோவால் பாதிக்கப்பட்ட யாசுவாகியைத் தன் மரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று டோட்டோ-சான் முடிவு செய்கிறாள். வீட்டில் பொய் சொல்லிவிட்டு விடுமுறையில் யாருமில்லாத பள்ளிக்கு வந்து அவனைச் சந்திக்கிறாள். ஏணியை இழுத்து வந்து, வியர்த்து விறுவிறுத்து, எப்படியோ ஏற்றிவிடுகிறாள். எந்தப் பெரியவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள், நிறுத்தியதில் நியாயமும் இருந்திருக்கும். யாசுவாகி ஏறிய ஒரே மரம் அதுதான். பின்னால் அவன் இறந்துபோகிறான் என்று தெரிந்து வாசிக்கும்போது அந்தப் பொய்யின் எடை புரிகிறது.

தலைமை ஆசிரியர் கோபயாஷியின் மேதைமையும் இதே இடத்தில்தான். கழிப்பறைத் தொட்டிக்குள் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ-சான் உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளிக் குவித்துக்கொண்டிருக்கும்போது அவர் வருகிறார். என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்கிறார். போய்விடுகிறார். அவர் செய்த ஒரே காரியம் போய்விட்டது. லூவிடம் தரவு இருக்கிறது, மெக்கர்க்கிடம் டிப்ஸ் இருக்கிறது. போய்விடுவது எப்படி என்பது கோபயாஷியிடம் இருக்கிறது.

7

அலெமான்ஸ்ரெட்டனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ‘பொதுவழி உரிமை’ என்றெல்லாம் செய்து பார்த்தேன், சட்டக் கல்லூரி வாசம் அடித்தது. அப்புறம்தான் தட்டியது, நம்மிடம் கிட்டத்தட்ட ஒரு சொல் இருக்கிறது, அதைத்தான் வசவாக்கி வைத்திருக்கிறோம். புறம்போக்கு. வரி விதிக்காமல் பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலம். மேய்ச்சலுக்கு, குளத்துக்கு, பாதைக்கு. யாருக்கும் சொந்தமில்லாததால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்தமான இடம். இன்றைக்குச் சென்னையில் ஒருத்தனை உதவாக்கரை என்று திட்ட அந்தச் சொல்தான். எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017இல் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்தப் பழைய பொருளை மீட்கப் பார்த்தது. இயற்கைப் பற்றாக்குறை என்ற இறக்குமதிச் சொல் நமக்குச் சுலபமாக வாயில் நுழைகிறது. புறம்போக்குப் பற்றாக்குறை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் லூவின் நல்ல அத்தியாயம் பேசுவது இரண்டாவதைத்தான்.

இந்தப் புத்தகங்களையெல்லாம் வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லூவைக் கட்டாயம் வாசியுங்கள். துணைத்தலைப்பை மட்டும் விட்டுவிட்டு, விளையாட்டு எப்படிக் குற்றமானது என்ற அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ஹார்ட்டின் வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். ‘ஃபாரஸ்ட் டே’ என்று படம் போட்ட பள்ளி நோட்டீஸ் கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த வாரமும் அதே இடத்துக்குத்தான் போவீர்களா? என் பிள்ளை உங்கள் கண்ணில் படாமல் பத்து நிமிடம் இருக்கலாமா? அந்த இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பேருந்து இல்லாமல், கட்டணம் இல்லாமல், நாங்களே போக வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. அதைப் பள்ளியிடம் கேட்டும் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகமும் மாநகராட்சியும், நம் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டமும்தான்.